மூன்றாவது பிரதியின் பாதுகாவலருக்கு

அனுப்புநர்: படச் சேமிப்புப் பொறுப்பாளர், ஆவணக் காப்பகம், கீழ்த்தளம்

பெறுநர்: மூன்றாவது பிரதியின் பாதுகாவலர், அதாவது என் அக்கா

பொருள்: தங்கள் இல்லத்து அலமாரியில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவுடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும். போனில் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் மூன்று நிமிஷக் கணக்கில் இணைப்புக் கொடுத்த தங்களுக்கு, மூன்று நிமிஷம் ஆனவுடன் "சரி, வெச்சுடறேன்" என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பதை நான் அறிவேன். நான் சொல்ல வந்தது மூன்று நிமிஷத்தில் அடங்காது. அதனால் கடிதம். ஆபீஸ் விஷயம் என்பதால் ஆபீஸ் முறைப்படியே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் எங்கள் ஆபீஸ் டிரைவர் அங்கே வருவார். இரும்புப் பெட்டியை அவரிடம் ஒப்படைத்து, இத்துடன் இருக்கும் இரண்டு ரசீதுகளிலும் கையெழுத்திட்டு, ஒன்றைத் தாங்கள் வைத்துக்கொள்ளவும். இனிமேல் பெட்டி தங்கள் வீட்டில் இருக்காது. ஆகவே ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதில் இருக்கும் டிஸ்கை மாற்றுவதற்காக நான் வருவதும் இருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். முறைப்படி பார்த்தால் கடிதம் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் இது எப்படி நடந்தது என்று சொல்லாமல் விட்டால் தாங்கள் "போனா போகட்டும்" என்று இருந்துவிடுவீர்கள். அப்படி இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

பதினோரு வருஷமாகப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தாங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் காப்பகத்தில் இருக்கும் பழைய போட்டோக்கள், வரைபடங்கள், பிலிம்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஆறு லட்சம் படங்களாகக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம். எதையும் மூன்று பிரதியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம். ஒன்று என் அறை மிஷினில். இரண்டாவது பக்கத்து அறை மிஷினில். மூன்றாவது வேறு ஊரில் இருந்தாக வேண்டும், அப்போதுதான் எங்கள் கட்டிடமே எரிந்து போனாலும் ஒன்றாவது மிஞ்சும். "வேற ஊர்ல பத்திரமான இடம் யார்கிட்டயாவது இருக்கா?" என்று பழைய அதிகாரி மீட்டிங்கில் கேட்டபோது, முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அத்தான் போன அந்த வருஷம், வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துச் சலித்துப்போய்த் தாங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "பாவம் பாத்துக்கிட்டு ஒருத்தரும் இங்க வர வேண்டாம். வேலை இருந்தா வா. இல்லேன்னா உன் வேலையப் பாரு." எனக்கும் அதே வயிற்றில் பிறந்த பிடிவாதம்தானே. சரி என்று ஏழு மாதம் வராமலே இருந்தேன். எட்டாவது மாதம்தான் அந்த மீட்டிங். எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

தாங்கள், தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது அக்கா. இனி நீ என்றே எழுதுகிறேன். நான் கொண்டு வந்த விதிமுறைத் தாளை நீ அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவைத்தாய். ஈரம் கூடாது, வெயில் கூடாது, காந்தம் பக்கத்தில் வரக் கூடாது, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். எங்கள் ஆபீசில் அந்தத் தாளை முழுசாகப் படித்தவர் யாரும் இல்லை. நீ பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த பொம்மைகளைத் தூக்கி எறிந்தாய். மூடுகிற கொக்கியில் காந்தம் இருக்கிறது என்று நல்ல கைப்பையை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாய். டிவி ரிப்பேருக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "பையில காந்தம் இருந்தா வெளிய வெச்சுட்டு வாங்க" என்று சொல்ல, அந்த மனுஷன் திருப்புளியில் காந்தம் இருக்கிறது என்று அதை வெளியே வைத்துவிட்டு, உள்ளே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். பெட்டியை அத்தானின் சட்டைகள் இருக்கிற தட்டில் வைத்தாய். அந்தத் தட்டில் நீ வேறு எதையும் வைக்க விட்டதில்லை. நான் பார்த்தேன்.

என் அறையை நீ பார்த்ததில்லை. கீழ்த்தளத்தில் கடைசிக் கதவு. ஜன்னல் கிடையாது. மிஷினுக்குச் சூடு ஆகாது என்று பதினெட்டு டிகிரியில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேல்மாடியில் எனக்குப் பெயரே ஸ்வெட்டர்தான். "ஸ்வெட்டர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் என்னைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம், அதையும் அவர்கள் ஒருவரையொருவர்தான் கேட்டுக்கொள்வார்கள். முதல் மிஷினுக்குப் பெரியவர் என்றும் இரண்டாவதற்குச் சின்னவர் என்றும் பேர் வைத்திருக்கிறேன். பெரியவரிடம் காலையில் ஒரு வார்த்தை, சின்னவரிடம் சாயங்காலம் ஒரு வார்த்தை பேசுவேன். ஆறு லட்சம் படம் இருக்கிறது அக்கா, கல்யாணம், பள்ளிக்கூடம், கூட்டம், குழந்தை, எத்தனையோ ஆயிரம் முகம், அதில் நமக்கு வேண்டியவர் ஒருத்தர்கூடக் கிடையாது. வீட்டுக்குப் போனால் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் மடிக்காத துணி. போன மாதம் ஒரு திங்கட்கிழமை வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து அவர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். தொண்டையில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான். வெந்நீரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னேன்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் புது அதிகாரி வந்தார். மேடம் நல்லவர், ஆனால் எல்லாவற்றையும் படித்துப் பார்க்கிறவர், அதுதான் வினை. மூன்றாவது பிரதியை ஒருத்தர் பையில் போட்டு ரயிலில் தூக்கிக்கொண்டு போவது என்ன முறை என்று கேட்டு, இனி இணையம் வழியாகவே தூரத்துச் சேமிப்புக் கிடங்குக்கு அனுப்பிவிடலாம் என்று உத்தரவு போட்டார். எங்கள் இணைப்பு இருக்கிற லட்சணத்துக்கு ஆறு லட்சம் படமும் போய்ச் சேர நாற்பத்தொரு நாள் ஆகும் என்று மிஷின் சொல்லிற்று. நானும் காவல் இருந்தேன். பத்தொன்பதாம் நாள், பெரிய இடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று மேப் பிரிவுக்காரர் தன் சட்டைக்கு இஸ்திரி போட இடம் தேடியிருக்கிறார். கட்டிடத்திலேயே சும்மா இருக்கிற ப்ளக் என் அறையில்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் சாப்பிடப் போன பத்து நிமிஷத்தில் வந்து, "கழற்றாதே" என்று நான் எழுதி ஒட்டியிருந்த ப்ளக்கைக் கழற்றி, இஸ்திரியைச் சொருகி, சட்டையைத் தேய்த்து, மறக்காமல் மறுபடி மாட்டிவிட்டும் போயிருக்கிறார். கேட்டதற்கு, "கழட்டாதேன்னு எழுதியிருந்தது கீழ ப்ளக்குக்குன்னு நெனச்சேன், அதனாலதான் அதத் தொடல" என்கிறார். அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன். நாங்கள் படம் அனுப்ப வைத்திருப்பது பழைய மிஷின், நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. மறுபடியும் முதல் நாள்.

ஒரு வழியாக நாற்பத்தொரு நாளும் முடிந்தது. மேடம் அதோடு விடவில்லை. ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் பண்ணும்போதே கம்ப்யூட்டர் அதற்கு ஒரு நீளமான எண்ணைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும் அக்கா. படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். படம் பழுதாகாமல் இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் எண்ணை எழுதி வைத்தோமே தவிர ஒரு நாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. மேடம் பார்க்கச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு படத்துக்கு எண் சரியில்லை. திறந்து பார்த்தால், ஒரு பழைய ஸ்டுடியோ மூடும்போது கொடுத்த குடும்பப் படங்கள், எல்லாவற்றிலும் மேலே நெற்றி மட்டும் இருக்கிறது, புருவத்துக்குக் கீழே வெறும் சாம்பல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவருக்கு ஒரு பாகம் மாற்றினோமே, அப்போது நடந்த கோளாறு. சின்னவரைப் பார்க்கலாம் என்றால், பெரியவர் என்ன செய்கிறாரோ அதையே தினமும் பார்த்து எழுதுவதுதான் சின்னவர் வேலை. அவரிடமும் நெற்றிதான். கிடங்குக்குப் போனதும் நெற்றிதான். மறுபடி ஸ்கேன் பண்ணவும் வழியில்லை, அந்த பிலிமெல்லாம் வினிகர் நாற்றம் அடித்துச் சுருண்டுபோய் என்றைக்கோ போய்விட்டது. அந்த முகங்களுக்கு உலகத்தில் இனி வேறு இடம் இல்லை. மேடம் என்னைப் பார்த்து, "மூணாவது பிரதி?" என்றார்.

போன மாதம் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேனே, அது இதற்காகத்தான். நீ கதவைத் திறந்து, "என்னடா, இது அக்டோபர் இல்லையே" என்று கேட்டாய். அவசர வேலை என்று செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே போய், புது டிஸ்கைப் பெட்டியில் வைத்து, பழையதை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கே ஓடினேன். தட்டில் போட்டதை நான் சாப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தின தேதி.

எப்படி என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். முன்பெல்லாம் நான் வருகிற நேரம் நீ டியூட்டியில் இருப்பாய். எதிர்வீட்டில் சாவி வாங்கி, வந்த காரியத்தை முதலில் முடித்து, டிஸ்கை மாற்றிவிட்டு, நீ வரும்வரை காத்திருப்பேன். நீ ரிடையர் ஆன பிறகு வாசலிலேயே நிற்கிறாய். புது டிஸ்கை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்வேன், நீ பேச ஆரம்பிப்பாய், போனில் மூன்று நிமிஷம் தாண்டாதவள் நேரில் என்றால் மூன்று மணி நேரம், கிளம்புகிற நேரம் வந்துவிடும், "உன் சாமான் ஒண்ணும் விட்டுடாதே" என்று மேஜையில் கிடக்கிற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நீயே என் பையில் போட்டுக் கொடுத்துவிடுவாய். நான் எதைக் கொண்டு வந்தேனோ அதையே சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. ஆபீஸ் வந்ததும் டிஸ்கில் இருப்பதை அழித்துப் புதுப் பிரதி ஏற்றிப் புதுத் தேதி ஒட்டிவிடுவேனே தவிர, பழைய தேதியைப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், அந்த டிஸ்க் பழசாக இருந்ததால்தான் பிழைத்தோம். கோளாறு நடப்பதற்கு முன்னால் எடுத்த பிரதி. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் அதில் முழு முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நான் ஒழுங்காக மாற்றியிருந்தால் அங்கேயும் நெற்றிதான் இருந்திருக்கும். அதே வாரம் மீட்டிங்கில் மேடம் என்னை எழுப்பி நிறுத்தி, "பழைய பிரதிய அழிக்காம தனியா வெச்சிருந்த இவரோட முன்யோசனை" என்று ஆரம்பித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மேப் பிரிவுக்காரர் இஸ்திரிச் சட்டையில் எழுந்து நின்று தட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததா? "முன்யோசனை இல்ல மேடம், அக்காவோட பேசிக்கிட்டே இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கை தட்டல் நின்றது. மேடம் அந்தப் பெட்டியைப் பற்றிய பைலைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த பைலில் என்ன இருக்கிறது என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை வந்து போனதும் நான் ஓர் அறிக்கை எழுத வேண்டும். வெப்பநிலை, ஈரப்பதம், பூட்டு, கடைசியாகப் பாதுகாவலர் பற்றிய குறிப்பு. முதல் மூன்று கட்டத்திலும் "சரி" என்று எழுதுவேன். நாலாவது கட்டம் எனக்குப் போதாது, பின்பக்கமும் எழுதுவேன். பதினோரு வருஷமாக அதை யாரும் படிக்கவில்லை, படிக்க மாட்டார்கள் என்ற தைரியம். மேடம் உரக்கவே படித்தார். "பாதுகாவலர் நலம். சற்று இளைத்திருக்கிறார். கேட்டால் இல்லை என்கிறார்." அடுத்தது. "பாதுகாவலருக்கு இடது முழங்காலில் வலி. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் விட்டுவிட்டார்." அடுத்தது. "பாதுகாவலர் இன்று இரண்டு தடவை சிரித்தார்." யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேடம் பைலை மெதுவாக மூடிவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் பிரதி வைப்பது முறையில்லை, பெட்டியை டிரைவர் போய் எடுத்து வரட்டும், நான் இங்கே இருந்து படங்களைச் சரிபார்க்கட்டும் என்று முடிவு சொன்னார். நியாயமான முடிவுதான்.

ஆகவே அக்கா, வியாழக்கிழமை டிரைவர் வருவார். அவர் தங்கமான மனுஷன், தண்ணீர் கேட்பார், கொடு. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கச் சொல். அந்தத் தட்டில் அத்தான் சட்டைகளைப் பழையபடி பரப்பி வைத்துக்கொள்ளலாம். உன்னைப் பார்க்க வந்தேன் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டிஸ்க் மாற்ற வந்தேன் என்றுதான் சொன்னேன். நீயும் "ஆபீஸ் வேலையா வந்திருக்கே, சாப்பிட்டுட்டுப் போ" என்றுதான் சொன்னாய். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. இனி என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. வராமல் இருக்கவும் தெரியவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கவும். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும், யார் பார்த்தால் என்ன. வயதில் சிறியவன், உன்னை ஆசீர்வதிக்க முடியாது, அதனால் உன் ஆசியை இங்கிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
படச் சேமிப்புப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனி செல்லாது. பொருள், பெறுநர் எல்லாம் போட்டு எழுதியதால் இதை ஆபீஸ் கடிதம் என்று நினைத்துத் தபால் பிரிவில் மேடத்தின் கையெழுத்துக்கு வைத்துவிட்டார்கள். அவர் வழக்கம்போல ஒரு வரி விடாமல் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இது ஆபீஸ் கடிதமா, சொந்தக் கடிதமா?" என்றார். தெரியல மேடம் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்புறம், "பெட்டி அங்கயே இருக்கட்டும். நாலாவது பிரதி இருந்தா தப்பில்ல. டிரைவர் போக வேண்டாம். ஆனா நீங்க போறதும் இனிமே ஆபீஸ் வேலை இல்ல. போகணும்னா லீவு போட்டுட்டுப் போங்க" என்றார். ரசீது இரண்டையும் கிழித்துப் போட்டுவிடு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் வருகிறேன், கையில் டிஸ்க் இருக்காது, எந்த வேலையும் இருக்காது. மூன்று நாள் தங்கலாம் என்று இருக்கிறேன். பாவம் பார்த்து வரவில்லை அக்கா. தனியாக இருக்க முடியவில்லை, அதனால் வருகிறேன். லீவு பாரத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் நின்றேன். சொந்த வேலை என்று எழுதி, அடித்துவிட்டு, "அக்கா" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். இது போதாது என்று திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.